குடும்பத்தோட வெளிநாடு போறீங்களா? டிராவல் இன்சூரன்ஸ் எடுக்கிறதா விடுறதா எண்டு முடிவெடுக்கிற வழி

டிசம்பர் லீவு கிட்ட வந்தா எங்கட திருமலை (திருகோணமலை) டவுனுக்குள்ள டிக்கெட் ஏஜென்சிகள்ல நிக்க இடமிருக்காது, சென்னை, சிங்கப்பூர், மலேசியா, இல்லாட்டி கனடாவில இருக்கிற அக்கா வீடு எண்டு ஆளுக்கொரு பிளான். டிக்கெட் போட்டு முடிஞ்ச கையோட கவுண்டர்ல இருக்கிற தம்பி "அண்ண, இன்சூரன்ஸும் சேத்துப் போட்டு விடவா?" எண்டு கேப்பார். அந்த இடத்தில நம்ம சனம் ரெண்டு விதம். ஒரு கூட்டம் "அதெல்லாம் காசு புடுங்கிற வேலை, வேணாம்" எண்டு வெட்டி விட்டுரும். மத்தக் கூட்டம் என்ன ஏது எண்டு கேக்காமலே "சரி சரி போடுங்க" எண்டு தலையாட்டும். ஒரு கொப்பித் தாளும் ஒரு அரை மணித்தியாலமும் இருந்தா இதை வீட்டில இருந்தே வடிவாக் கணக்குப் பாத்து முடிவெடுக்கலாம், அதுக்குத்தான் இதை எழுதுறன்.

என்ட கணக்கு இதுதான்: வந்தா குடும்பமே எழும்ப ஏலாமப் போற செலவுக்கு இன்சூரன்ஸ் எடுங்க, ரெண்டு நாள் வயிறெரிஞ்சிட்டு மறந்து போற செலவுக்கு எடுக்கத் தேவையில்ல. மிச்சம் எல்லாம் எது எந்தப் பக்கம் வருது எண்டு பாக்கிற வேலைதான்.

முதல்ல ஆஸ்பத்திரிக் கதை

நாங்க ஆஸ்பத்திரி பில் பாத்துப் பழகாத சனம். நடுச்சாமம் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறம், துண்டு வெட்டுறாங்க, வார்ட்ல போடுறாங்க, சேலைன் ஏறுது, ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுறாங்க, வெளிய வரேக்க கையில டயக்னோசிஸ் கார்ட் ஒண்டு தாறாங்க, அவ்வளவுதான், காசு எண்ட கதையே இல்ல. நடக்க ஏலாத ஆள் எண்டா 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் வாசல்ல வந்து நிக்கும், அதுக்கும் காசில்ல. இதுக்குள்ளயே பிறந்து வளந்ததால வெளிநாட்டுக்குப் போகேக்கையும் அதே நினைப்புத்தான் நமக்கு, ஏதும் எண்டா ஆஸ்பத்திரி இருக்குத்தானே எண்டு. ஆஸ்பத்திரி இருக்கும், ஆனா கவுண்டரும் இருக்கும்.

சிங்கப்பூர்ல அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போனாலும் அங்க மானியம் எல்லாம் அந்த நாட்டுச் சிட்டிசனுக்கும் பி.ஆர். (நிரந்தர வதிவிட) ஆக்களுக்கும்தான், டூர் போன நாங்க முழுக்காசும் கட்டோணும். இங்கிலாந்தில விசிட் விசாவில போய் என்.எச்.எஸ். எண்ட அரசாங்க ஆஸ்பத்திரில அட்மிட் ஆகினா அவங்கட வழமையான கணக்கில 150 வீதம் போட்டு பில் வரும், எமர்ஜென்சில பாக்கிறது மட்டும் இலவசம், அங்க இருந்து வார்ட்டுக்கு ஏத்தின உடன மீட்டர் ஓடத் தொடங்கிரும். கனடாவில விசிட்டருக்கு அரசாங்க ஹெல்த் கார்ட் கிடையாது. சென்னை இதுகளோட பாக்கேக்க மலிவு, அதை ஒத்துக்கொள்ளுறன், ஆனா பிரைவேட் ஆஸ்பத்திரில அட்மிஷன் கவுண்டர்ல முதல் கேள்வி அட்வான்ஸ் எவ்வளவு கட்டுறீங்க எண்டுதான் வரும், இரவு நேரம், கையில இந்தியக் காசு கொஞ்சம், கார்ட்ல லிமிட் கொஞ்சம், பக்கத்தில அழுகிற பிள்ளை எண்டா அந்த மலிவும் மலிவாத் தெரியாது.

சொல்லக்கூடாத இன்னொரு கதையும் இருக்கு, சொல்லித்தான் ஆகோணும். வயசான ஆக்கள் யாத்திரை போற இடத்தில கண்ணை மூடிட்டா உடலை ஊருக்குக் கொண்டு வாற வேலை. எம்பாமிங், பெட்டி, எயார்லைன் கார்கோ, ரெண்டு நாட்டுப் பேப்பர் எண்டு அந்த நேரத்தில ஓட ஒரு ஆளும் வேணும் காசும் வேணும். நல்ல பொலிசில இது தனியா ஒரு வரியா இருக்கும், அதுக்கு ஒரு உச்சத் தொகையும் போட்டிருக்கும். இந்த வரி இல்லாத பொலிசிய வயசான ஆக்களுக்கு எடுக்கிறது வீண் எண்டது என்ட அபிப்பிராயம்.

இப்ப தாளை எடுங்க

தாளை நடுவால கோடு போட்டுப் பிரிங்க. இடப் பக்கம் "போனாப் போகட்டும்", வலப் பக்கம் "தாங்க ஏலாது".

கணக்குக்கு ஒண்டு வச்சுப் பாப்பம். அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளை, அம்மம்மா, மொத்தம் அஞ்சு பேர். டிக்கெட் ஆளுக்கு 80,000 எண்டா 4 லட்சம். ஹோட்டல் கேன்சல் பண்ணினா காசு திரும்பி வரும் எண்டு போட்டிருந்தா அதுக்கு நேரா பூச்சியம். விசாவுக்குக் கட்டின காசு திரும்பாது, அதை எழுதுங்க. முன்கூட்டி வாங்கின தீம் பார்க் டிக்கெட் திரும்பாது, அதையும் எழுதுங்க. டிக்கெட் காசிலயும் முழுசும் போகாது, பறக்காத டிக்கெட்டுக்கு எயார்போட் டாக்ஸைத் திருப்பித் தாற எயார்லைன் இருக்கு, அதைக் கேட்டுப் பாத்துக் கழிச்சு விடுங்க. ஆகக் கூடினாலும் இந்தப் பக்கம் ஒரு நாலரை லட்சத்தில போய் நிக்கும். வலிக்கும்தான், சீட்டுக் காசு எடுத்த மாசம் எண்டா இன்னும் வலிக்கும், ஆனா அதுக்கு மேல ஒரு சதமும் போகாது எண்டு இண்டைக்கே உங்களுக்குத் தெரியும்.

வலப் பக்கத்தில ஆஸ்பத்திரி எண்டு எழுதுங்க. அதுக்கு நேரா என்ன தொகை போடுவீங்க? போட ஏலாது. ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள், ஐ.சி.யு.வா, ஒப்பரேசனா, ஒண்டும் தெரியாது. இந்தத் தொகை போட ஏலாத வரிக்குத்தான் இன்சூரன்ஸ் எண்ட சாமானே இருக்குது. தொகை தெரிஞ்ச, கையால கட்டக்கூடிய வரிக்கு பிரீமியம் கட்டுறது உங்கட விருப்பம்.

அதால ஏஜென்சிக்காரர் பொலிசியைக் காட்டினா பேக் துலைஞ்சா எவ்வளவு, பிளைட் லேட்டானா எவ்வளவு எண்டு பாத்துட்டு இருக்க வேணாம், நேரா மெடிக்கல் வரிக்கு விரலைக் கொண்டு போங்க. அங்க 25,000 டொலர் போட்டிருக்கா, 50,000 போட்டிருக்கா, 100,000 போட்டிருக்கா எண்டு பாருங்க. அது தலைக்கா இல்லாட்டி முழுக் குடும்பத்துக்கும் சேத்தா எண்டதையும் கேளுங்க, ஃபேமிலி பிளான் எண்டு விக்கிறதில சிலது எல்லாருக்கும் சேத்து ஒரே தொகை. ஃபேமிலி எண்டா அவங்கட கணக்கில அநேகமா புருஷன், பெஞ்சாதி, குறிப்பிட்ட வயசுக்கு உட்பட்ட பிள்ளைகள், அவ்வளவுதான், அம்மம்மாக்குத் தனியா எடுக்க வேண்டி வரும், வயசு கூடக் கூட பிரீமியமும் ஏறும்.

அம்மம்மாட கிளினிக் கொப்பி

இந்த இடத்தில கொஞ்சம் நிண்டு நிதானமாப் பாப்பம், ஏனெண்டா கிளெய்ம் அடிபடுறது கூடுதலா இதிலதான்.

ஃபோர்ம் நிரப்பேக்க "முதலே இருக்கிற வருத்தம் ஏதும் இருக்கா" எண்டு ஒரு கேள்வி வரும். அம்மம்மாட்ட கேட்டா என்ன சொல்லுவா எண்டு எல்லாருக்கும் தெரியும்.

"எனக்கென்ன மகன் வருத்தம், சீனி கொஞ்சம் இருக்கு, பிரஷர் கொஞ்சம் இருக்கு, குளிசை போட்டா சரிதானே. அதையெல்லாம் போய் அவங்களுக்கு எழுதுவியா?"

எழுதத்தான் வேணும். தலைமாட்டில பொலித்தீன் பைக்குள்ள சுத்தி வச்சிருக்கிற கிளினிக் கொப்பியை எடுங்க, கடைசி ரெண்டு மூண்டு பக்கத்தைப் பாருங்க, மெட்ஃபோமின், லொசார்டன், அட்டோவாஸ்டாட்டின் எண்டு வரிசையா இருக்கும், அந்தப் பக்கங்களை வடிவா ஃபோட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பனிக்கு அனுப்பிட்டு, "இந்த வருத்தங்களால அங்க போய் ஏதும் நடந்தா கவர் ஆகுமா" எண்டு ஈமெயில்ல கேளுங்க. போன்ல கேக்க வேணாம். போன்ல "ஓம் அக்கா, எல்லாம் கவர்" எண்டு சொன்ன பெடியன் கிளெய்ம் வாற நேரம் வேற கம்பனில வேலை செய்வான்.

பதில் மூண்டு விதமா வரலாம். ஒண்டு, கவர் இல்ல. ரெண்டாவது, உயிருக்கு ஆபத்தான நிலைமை எண்டா மட்டும், அதுவும் ஒரு குறைஞ்ச தொகை வரைக்கும். மூண்டாவது, கூடப் பிரீமியம் கட்டினா கவர் பண்ணுவம், டொக்டர்ட ரிப்போர்ட் தாங்க. மூண்டாவது கிடைச்சா எடுங்க, கொஞ்சம் கூடினாலும் பரவாயில்ல. ரெண்டாவது கிடைச்சா அந்தத் தொகை அந்த நாட்டு ஆஸ்பத்திரிக்குக் காணுமா எண்டு பாத்து எடுங்க. முதலாவது எண்டா கொஞ்சம் யோசிக்கோணும், எழுவது வயசு ஆளுக்கு வரக்கூடிய பெரிய செலவு நெஞ்சு வலியும் பக்கவாதமும்தான், அதுகள் ரெண்டையும் சீனி பிரஷர் கணக்கில தள்ளி விட்டா மிச்சம் என்னத்துக்கு அந்தப் பொலிசி, கால் வழுக்கி விழுந்தா உதவும், அவ்வளவுதான். அப்பிடியான நிலைமைல அமெரிக்கா கனடா எண்டா நான் அம்மம்மாவைக் கூட்டிட்டுப் போறதையே ஒருக்கா யோசிப்பன், சென்னை எண்டா அந்தப் பிரீமியத்தோட இன்னும் கொஞ்சம் சேத்து அவசரத்துக்கு எண்டு தனியா வச்சுக்கொண்டு போவன்.

மறைச்சு எழுதினா என்ன நடக்கும் எண்டா, அங்கத்த டொக்டர் முதல்ல கேக்கிறதே என்ன குளிசை போடுறீங்க எண்டுதான், அது ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல ஏறும், கிளெய்முக்கு அந்த ரிப்போர்ட்டைத்தான் நீங்களே குடுப்பீங்க. அதுக்குப் பிறகு சண்டை பிடிச்சுப் பலனில்ல.

எந்த நாடு எண்டதைப் பொறுத்து

சில இடங்களுக்கு யோசிக்கிற வேலையே இல்ல. பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி எண்டு ஷெங்கன் விசா எடுத்துப் போறவங்களுக்கு குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவர் கட்டாயம், அவசர ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்குத் திருப்பி அனுப்புற செலவு, இறந்தா உடலைக் கொண்டு வாற செலவு எல்லாம் அதுக்குள்ள வரோணும், தங்கிற முழு நாளுக்கும் எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்லுபடியாகோணும். லண்டன் இதுக்குள்ள வராது, பாரிசில இருந்து லண்டனுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வருவம் எண்டு பிளான் இருந்தா பொலிசில யு.கே. இருக்கா எண்டு பாருங்க. விசா கிடைக்காட்டி பிரீமியம் திரும்பி வருமா எண்டதையும் வாங்கிறதுக்கு முதலே கேட்டு வையுங்க.

கனடாவுக்கு சூப்பர் விசாவில அம்மா அப்பாவைக் கூப்பிடுற பிள்ளைகள் குறைஞ்சது 100,000 கனேடியன் டொலர் கவரோட ஒரு வருசத்துக்கு எடுக்கோணும். சாதாரண விசிட் விசாக்கு அப்பிடிச் சட்டம் இல்ல, ஆனா சட்டம் இல்ல எண்டதுக்காக எடுக்காமப் போற நாடு அது இல்ல. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உம்ரா போறவங்களுக்கு விசாக் கட்டணத்துக்குள்ளயே ஒரு மெடிக்கல் இன்சூரன்ஸ் அடங்கி இருக்கும், அது சவூதிக்குள்ள வாற அவசர வைத்தியத்துக்குத்தான், வழியில துபாய்ல ரெண்டு நாள் தங்கினா அந்த ரெண்டு நாளும் வெறுங்கைதான்.

இந்தியாக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல. அதாலதான் நம்ம ஆக்களுக்குக் குழப்பமே இந்தியா டிரிப்லதான். இளம் குடும்பம், ஒருத்தருக்கும் வருத்தம் இல்ல, சென்னைல நாலு நாள் துணி எடுத்துட்டு மாமல்லபுரம் பாத்துட்டு வாறது எண்டா எடுக்காட்டியும் நான் பேச மாட்டன், ஆனா சின்னப் பிள்ளைகள் இருந்தா மெடிக்கல் மட்டும் இருக்கிற மலிவான பிளான் ஒண்டு எடுத்து வைக்கிறது புத்தி. காசி, கயா எண்டு வயசான ஆக்களோட ரெயில்ல சுத்துற யாத்திரைக்கு எடுக்கத்தான் வேணும். சிங்கப்பூருக்கு ஒரு நாளைக்கு எண்டாலும் எடுங்க.

மழைக்காலம்

இது திருமலை ஆக்களுக்கு எண்டு தனியாச் சொல்ல வேண்டியது. நமக்கு டிசம்பர்ல லீவு, டிசம்பர்லதான் வடகீழ்ப் பருவமழை, அதே மழைதான் சென்னைக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில சென்னை எயார்போட் நாள்க்கணக்கா மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர்ல மிச்சாங் புயலுக்கும் ரன்வேயில தண்ணி, பிளைட் எல்லாம் நிண்டுது. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்த நேரம் நம்ம பக்கம் ரோட்டும் ரெயில் பாதையும் எந்த நிலைமைல கிடந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்ல.

இதில விளங்கிக்கொள்ள வேண்டியது ரெண்டு விசயம். முதலாவது, புயலுக்குப் பேர் வச்சு செய்தில சொல்லத் தொடங்கின பிறகு இன்சூரன்ஸ் வாங்கினா அந்தப் புயலால வாற கேன்சலுக்கு அநேகமாக் கவர் கிடைக்காது, அது தெரிஞ்ச விசயம் எண்டு சொல்லிருவாங்க, மழை கொட்டத் தொடங்கின பிறகு கூரைல ஓடு மாத்த ஏறின கதைதான். ஆகவே கேன்சல் கவரும் வேணும் எண்டா டிக்கெட் போட்ட அதே கிழமைக்குள்ள எடுங்க, பிரீமியம் பெரும்பாலும் டிரிப் நாளைப் பொறுத்துத்தான், முந்தி வாங்கிறதால நட்டமில்ல.

ரெண்டாவது, நமக்கும் கட்டுநாயக்க எயார்போட்டுக்கும் இடையில இருக்கிற ரோட். கந்தளாய், ஹபரணை தாண்டி ஆறு ஏழு மணித்தியாலம், ஹபரணைப் பக்கம் இரவில யானை வேற. அந்த வழில வெள்ளம் மறிச்சு பிளைட்டை விட்டா கவரா? கன பொலிசி இமிக்ரேஷன் தாண்டின பிறகுதான் தொடங்குது, சிலதுதான் வீட்டு வாசல்ல இருந்து தொடங்குது. கொழும்பில இருக்கிறவனுக்கு இது ஒரு விசயமே இல்ல, நமக்கு இதுதான் விசயம். "கவர் எங்க இருந்து தொடங்குது" எண்டு கேளுங்க, வீட்டில இருந்து இல்ல எண்டா மழைக்காலத்தில முதல் நாளே போய் நீர்கொழும்பில ரூம் போட்டுத் தங்குங்க, அந்த ரூம் காசுதான் உங்களுக்கு உண்மையான இன்சூரன்ஸ். காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினம் கப்பல்ல போற பிளான் எண்டா இன்னும் கவனம், காலநிலை சரியில்லாட்டி கப்பல் ஓடாது, பொலிசில கப்பல் பயணம் சேருதா, பிளைட் மட்டுமா எண்டு பாருங்க.

டெங்குவும் இந்தக் காலத்திலதான். போறதுக்கு ரெண்டு நாள் முந்தி பிள்ளைக்கு டெங்கு எண்டு வார்ட்ல போட்டா, கேன்சல் கவர் இருந்தா கிளெய்ம் பண்ணலாம், ஆனா டொக்டர் எழுத்தில தரோணும் "பயணம் செய்ய ஏலாது" எண்டு. டயக்னோசிஸ் கார்ட்டை துலைச்சிராதீங்க.

எதுக்கெல்லாம் தர மாட்டாங்க

பொலிசிப் புத்தகத்தில முன்பக்கம் எல்லாம் தாறம் தாறம் எண்டுதான் இருக்கும், நீங்க பின்பக்கத்தில இருந்து வாசிங்க. தர மாட்டம் எண்ட பட்டியல் அங்கதான் சின்ன எழுத்தில இருக்கும்.

நகையும் காசும். கலியாணத்துக்குப் போற குடும்பம் எல்லாம் இதை ரெண்டு தரம் வாசிங்க. பேக்குக்குள்ள வச்ச தாலிக்கொடியும் அட்டியலும் துலைஞ்சா பேகேஜ் கவர்ல ஒண்டும் வராது, இல்லாட்டி சொல்லக் கூச்சப்படுற மாதிரி ஒரு தொகை வரும். நகை கையில, கழுத்தில, செக்-இன் பேக்கில இல்ல.

ஸ்கூட்டர். வெளிநாட்டில வாடகைக்கு எடுத்து ஓடேக்க அந்த நாட்டில செல்லுபடியாகிற லைசன்ஸ் இல்லாட்டி, ஹெல்மெட் இல்லாட்டி, குடிச்சிருந்தா, கிளெய்ம் போச்சு. டைவிங்கும் அப்பிடித்தான், நம்ம புறாமலைத் தீவைச் சுத்தி ஸ்நோர்கலிங் அடிச்சுப் பழகின பிள்ளைகள் வெளிநாட்டில போய் ஸ்கூபா இறங்கப் பாக்குங்கள், கன பொலிசில அதுக்குத் தனியாக் காசு கட்டிச் சேக்கோணும்.

யுத்தம். 2025 ஜூன்ல கட்டார் வான்பரப்பை மூடின நேரம் டோஹா வழியா ஐரோப்பா போன சனம் வழில மாட்டிச்சு. யுத்தத்தால வாற தாமதம் அநேகமா விலக்குப் பட்டியல்ல இருக்கும், அந்த நேரம் எயார்லைன்தான் வேற பிளைட் தர வேண்டிய ஆள். எயார்லைனே படுத்தா இன்னும் மோசம், 2019 ஏப்ரல்ல ஜெட் எயார்வேஸ் நிண்ட மாதிரி ஒண்டு நடந்தா எல்லாப் பொலிசியும் உதவாது, அது தனி வரியா இருக்கோணும். பிள்ளைக்கு லீவு கிடைக்கேல்ல, மாமாவோட சண்டை, போக மனமில்ல எண்டதுக்கெல்லாம் ஒரு கம்பனியும் தராது.

பேக்கும் லேட்டும்

இதைக் கெதியா முடிப்பம். பேக் துலைஞ்சா முதல்ல பொறுப்பு எயார்லைனுக்குத்தான். மொன்றியல் ஒப்பந்தப்படி ஒரு ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். வச்சிருக்கிற கணக்கு அலகு) வரைக்கும், அதாவது கிட்டத்தட்ட 2,000 அமெரிக்க டொலர் வரைக்கும் அவங்க பொறுப்பு, இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் எல்லாம் அதுக்குள்ள இருக்கிற நாடுகள். அதால பேகேஜ் கவரைப் பாத்து பொலிசி தெரிவு செய்யாதீங்க. ஆனா ஒண்டு, பேக் வராட்டி எயார்போட்டை விட்டு வெளிய வராம பெல்ட் பக்கத்தில இருக்கிற கவுண்டர்ல முறைப்பாடு எழுதி அந்தத் துண்டை வாங்குங்க, பி.ஐ.ஆர். எண்டு சொல்லுவாங்க. எங்கட சொந்தக்காரர் ஒருத்தர் களைப்பில வெளிய வந்து வான் பிடிச்சு திருமலைக்கு வந்த பிறகு போன் பண்ணினார், எயார்லைனும் துண்டைக் கேட்டுது, இன்சூரன்ஸும் துண்டைக் கேட்டுது, ரெண்டு பக்கமும் கைய விரிச்சிட்டாங்க. பேக் உடைஞ்சு வந்தா 7 நாளைக்குள்ள, பிந்தி வந்தா கையில கிடைச்ச நாள்ல இருந்து 21 நாளைக்குள்ள எழுத்தில குடுக்கோணும்.

டிலே கவர் எண்டது ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் தாண்டினா மட்டும் தாற சில்லறை. எக்ஸெஸ் எண்டு ஒரு தொகையும் இருக்கும், முதல் 100 டொலர் நீங்க கட்டோணும் எண்டு போட்டிருந்தா 80 டொலர் பாம்சி பில்லுக்கு ஒண்டும் வராது. இதுகளுக்காக ஆசைப்பட்டு ஒருத்தரும் பொலிசி எடுக்க வேணாம்.

ஏற்கனவே கையில இருக்கா எண்டு பாருங்க

கிரெடிட் கார்ட் பெரிய வகை எண்டா பேங்க்ல டிராவல் இன்சூரன்ஸ் இலவசமா இருக்கலாம். டிக்கெட் காசு முழுசையும் அந்தக் கார்ட்ல கட்டியிருக்கோணும் எண்டு நிபந்தனை இருக்கும், பெஞ்சாதி பிள்ளைகளுக்கும் வருமா, கார்ட்காரருக்கு மட்டுமா எண்டதும் கேக்க வேண்டியது. அரசாங்க உத்தியோகத்தர்கள் தங்களுக்கு அக்ரஹார எண்ட அரசாங்க மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்குத்தானே எண்டு நினைப்பாங்க, அது டிராவல் இன்சூரன்ஸ் இல்ல, அதை நம்பி ஏற வேணாம். ஆன்லைன்ல டிக்கெட் போடேக்க கீழ ஒரு சின்னப் பெட்டி ஏற்கனவே டிக் அடிச்சு இருக்கும், அதைத் திறந்து பாத்தா பிளைட் லேட்டுக்கும் பேக்குக்கும் பெரிசா எழுதியிருக்கும், மெடிக்கல் வரிதான் சின்னதா இருக்கும், இல்லாமலும் இருக்கும். அந்த டிக்கை எடுத்துட்டு வெளிய தனியா ரெண்டு மூண்டு கம்பனில விலை கேளுங்க.

நுவரெலியா, யாழ்ப்பாணம், கதிர்காமம் எண்டு உள்ளூர் டிரிப்புக்கு இந்த இன்சூரன்ஸ் எல்லாம் தேவையில்ல, ஆஸ்பத்திரி நம்மட ஆஸ்பத்திரி. அங்க பாக்க வேண்டியது ஹயருக்குப் பிடிக்கிற வானை. தெரிஞ்ச ஆள்ட பிரைவேட் வான் எண்டு மலிவாப் பிடிப்பம், அந்த வானுக்கு சொந்தப் பாவனைக்கு எண்டு இன்சூரன்ஸ் எடுத்திருந்தா ஹயர் ஓடேக்க அக்சிடென்ட் பட்டா கம்பனி கைய விரிக்கும், தேர்ட் பார்ட்டி மட்டும் எண்டா வானைத் திருத்தவே வழியில்ல. டிரைவர் அண்ணையிட்ட "ஹயருக்கு இன்சூரன்ஸ் இருக்கா, உள்ள இருக்கிறவங்களுக்கும் கவரா" எண்டு கேக்க வெக்கப்படாதீங்க.

எடுக்கிறது எண்டு முடிவெடுத்தா

அவசர உதவி நம்பரை எல்லாருட போன்லயும் போடுங்க, குடும்ப வட்சப் குரூப்ல பொலிசி பி.டி.எஃப்.ஐயும் கிளினிக் கொப்பிப் படத்தையும் போட்டு பின் பண்ணி வையுங்க, வீட்டில நிக்கிற ஒரு ஆளுக்கும் அனுப்புங்க. அங்க ஏதும் நடந்தா அட்மிட் ஆகிறதுக்கு முந்தி, ஏலாட்டி அட்மிட் ஆகின கையோட, அந்த நம்பருக்கு அடிக்கோணும், கம்பனியே ஆஸ்பத்திரிக்குக் காசு கட்டுறது எண்டா அவங்கட அனுமதி வேணும், அடிக்காம விட்டா நீங்க கட்டிட்டு வந்து இங்க திருப்பி எடுக்கிற வழிதான். அப்பிடிக் கட்டினா ஒரிஜினல் பில், ரிசீட், டொக்டர்ட ரிப்போர்ட், போர்டிங் பாஸ், பாஸ்போட்ல சீல் அடிச்ச பக்கம் எல்லாம் வேணும். கிளெய்ம் குடுக்கக் கடைசி நாள் எப்ப எண்டு பொலிசில இருக்கும், ஊருக்கு வந்து களைப்பாறி, கோணேசர் கோயிலுக்கும் போய், பிறகு பாப்பம் எண்டு இருந்தா அந்த நாள் போயிரும்.

கிளெய்மை மறுத்தா ஏன் எண்டு எழுத்தில கேளுங்க, எந்தப் பிரிவின்படி எண்டும் கேளுங்க. கம்பனிக்குள்ள முறைப்பாடு குடுத்தும் சரி வராட்டி கொழும்பில முறைப்பாடு விசாரிக்கிற காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கார், இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கு, எழுதி அனுப்பலாம், தமிழ்ல எழுதி அனுப்பலாம். அனுப்புற எல்லாத்திலயும் ஒரு கொப்பி எடுத்து திகதி போட்டு வையுங்க, பதிவுத் தபால் எண்டா அந்தத் துண்டையும் அதோட சேத்து ஸ்டேப்பிள் அடிச்சு வையுங்க.